ஹார்வர்டின் முதல் பெண் பேராசிரியருக்கு 3 நிபந்தனைகள்... யார் இந்த ஆலிஸ் ஹாமில்டன்?

1919-ம் ஆண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஆரம்பித்து 280 வருஷங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அத்தனை வருஷத்தில் ஒரு பெண்கூட அங்கே பேராசிரியர் பதவியில் இருந்ததில்லை. அந்த வருஷம்தான் முதல்முறையாக ஒரு பெண்ணை உதவிப் பேராசிரியராக நியமித்தார்கள். பெயர் ஆலிஸ் ஹாமில்டன். வயது 50.

வேலையோடு சேர்த்து மூன்று நிபந்தனைகளையும் கொடுத்தார்கள். ஹார்வர்டு கிளப்புக்குள் வரக் கூடாது. பேராசிரியர்களுக்குக் கிடைக்கும் ஃபுட்பால் டிக்கெட்டைக் கேட்கக் கூடாது. பட்டமளிப்பு விழா ஊர்வலத்தில் மற்ற பேராசிரியர்களோடு நடந்து வரக் கூடாது. சும்மா வாய்வார்த்தையாகச் சொன்னது இல்லை. ஒவ்வொரு வருஷமும் விழா அழைப்பிதழ் அவருக்கு வந்துவிடும். பெண்கள் மேடையில் உட்காரக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதிலேயே அச்சாகியிருக்கும்!

இவ்வளவு தயக்கத்தோடு ஏன் அவரைக் கூப்பிட்டார்கள்? பதில் ரொம்ப சிம்பிள். அவர்கள் புதிதாகத் தொடங்கியிருந்த பாடத்தில் அவருக்கு இணையாக விஷயம் தெரிந்த ஆள் அமெரிக்காவிலேயே இல்லை. தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு அந்த வேலையாலேயே என்னென்ன நோய் வருகிறது என்பதுதான் அந்தப் பாடம். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் டீன் டேவிட் எட்சாலும் இந்த நோய்களில் ஆர்வம் உள்ளவர். ஆள் தேடியபோது அவருக்குக் கிடைத்த ஒரே சரியான பெயர் இதுதான். இத்தனைக்கும் அதே மருத்துவக் கல்லூரியில் மாணவியாகச் சேரப் பெண்களுக்கு அனுமதி கிடைத்தது 1945-ல்தான். பாடம் நடத்த ஒரு பெண் வரலாம், உட்கார்ந்து கேட்க வரக் கூடாது!

ஈக்களும் ஒரு தப்புக் கணக்கும்

ஆலிஸ் பிறந்தது 1869 பிப்ரவரி 27, நியூயார்க்கில். வளர்ந்தது இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேய்ன் நகரில். வசதியான குடும்பம். அக்கா எடித் ஹாமில்டன் பின்னாளில் கிரேக்கப் புராணங்களைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்றவர். நான்கு சகோதரிகள், நால்வருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1893-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கிய ஆலிஸ், அடுத்து அக்காவோடு ஜெர்மனிக்குப் போய்ப் படித்தார். 1897-ல் சிகாகோவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரி ஒன்றில் நோய்க்குறியியல் பேராசிரியர் வேலை கிடைத்தது.

அவர் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டது அந்த வேலை இல்லை, தங்குவதற்குத் தேர்ந்தெடுத்த இடம். சிகாகோவின் ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் ஜேன் ஆடம்ஸ் என்ற சமூகச் செயற்பாட்டாளர் ‘ஹல் ஹவுஸ்’ என்ற சேவை இல்லத்தை நடத்திவந்தார். படித்த பெண்கள் அங்கேயே தங்கி, அக்கம்பக்கத்து மக்களோடு வாழ்ந்து வேலை செய்வார்கள். ஆலிஸ் அங்கே 22 வருஷம் இருந்தார். பகலில் ஆய்வகம், மற்ற நேரத்தில் குழந்தைகளுக்கான கிளினிக். இத்தாலி, போலந்து, கிரீஸ் என்று எங்கெங்கிருந்தோ வந்த தாய்மார்களோடு பேசிப் பழகினார்.

1902-ல் அந்தப் பகுதியில் டைபாய்டு பரவியது. ஆலிஸ் தெருத்தெருவாக அலைந்தார். திறந்த கழிப்பறைகளில் மொய்த்த ஈக்களைப் பிடித்துச் சோதித்தார். ஈக்கள்தான் கிருமியைப் பரப்புகின்றன என்று கட்டுரை எழுதினார். பெரிய பரபரப்பு ஆனது. சுகாதாரத் துறையில் விசாரணையே நடந்தது. ஆலிஸுக்கு நல்ல பெயர்.

ஆனால், உண்மை வேறு. பம்ப்பிங் ஸ்டேஷனில் ஏற்பட்ட உடைப்பால் சாக்கடை நீர் குடிநீரில் கலந்திருக்கிறது. சுகாதாரத் துறை அதை வெளியே சொல்லாமல் மறைத்துவிட்டது. பின்னால் இது தெரியவந்தபோது ஆலிஸ் அதை மூடி மறைக்கவில்லை. தனக்குக் கிடைத்த புகழ் தப்புக் கணக்குக்குக் கிடைத்த புகழ் என்று தன் சுயசரிதையிலேயே எழுதிவைத்தார். ஆய்வாளர்கள் செய்யத் தயங்கும் காரியம் இது. பின்னால் இதே பெண்மணி கம்பெனி முதலாளிகளிடம் ஆதாரம் கேட்கும்போது அந்தக் கேள்விக்கு ஒரு எடை இருந்ததென்றால், அதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

காரீயத்தைத் தேடி...

ஹல் ஹவுஸ் பக்கத்து வீடுகளில் ஆலிஸ் ஒன்றைக் கவனித்தார். நல்ல உடல்வாகோடு இருந்த ஆண்கள் சில மாதங்களில் வெளிறிப்போனார்கள். தாங்க முடியாத வயிற்று வலி. சிலருக்கு மணிக்கட்டு அப்படியே தொங்கிப்போனது, கையைத் தூக்கவே முடியாது. எல்லாம் காரீயம் செய்த வேலை.

இங்கே ஒரு சின்ன விளக்கம். நம் வீட்டில் ரசம் வைக்கிற ஈயச் சொம்பு, பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயம் எல்லாம் வெள்ளீயம். அது வேறு உலோகம். இங்கே சொல்வது காரீயம். அன்றைக்கு பெயின்ட், பேட்டரி, அச்செழுத்து, குளியல் தொட்டியின் வெள்ளைப் பூச்சு என எல்லாவற்றிலும் இருந்தது. உடம்புக்குள் போனால் நரம்பையும் ரத்தத்தையும் மூளையையும் பதம் பார்க்கும்.

இங்கிலாந்து, ஜெர்மனியில் எல்லாம் இதற்கு அப்போதே சட்டங்கள் இருந்தன. அமெரிக்காவில் இல்லை. எங்கள் தொழிற்சாலைகள் நவீனமானவை, எங்களிடம் இந்த நோய்கள் கிடையாது என்ற பெருமைப் பேச்சுதான் இருந்தது. 1910-ல் இல்லினாய் மாநில அரசு ஆய்வு ஒன்றுக்கு ஏற்பாடு செய்து ஆலிஸைப் பொறுப்பாளர் ஆக்கியது. அமெரிக்காவில் ஒரு மாநிலம் நடத்திய இப்படிப்பட்ட முதல் ஆய்வு அது.

எந்தத் தொழிற்சாலையில் காரீயம் இருக்கிறது என்று பட்டியல்கூடக் கிடையாது. உள்ளே போகச் சட்ட உரிமையும் இல்லை. வாசலில் நின்று கேட்க வேண்டும், முதலாளி மனது வைத்தால் உள்ளே போகலாம். தொழிலாளிகளும் வாய் திறக்க மாட்டார்கள், வேலை போய்விடுமே என்று பயம். எனவே ஆலிஸ் வேறு வழி பிடித்தார். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். மருந்துக்கடைக்காரர், பாதிரியார், செவிலியர், இறுதிச்சடங்கு நடத்துபவர் என்று ஊரில் யாருக்கெல்லாம் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியுமோ, அவர்கள் எல்லோரிடமும் பேசினார். பிறகு தொழிலாளியின் வீட்டுக்கே போனார். சமையலறையில் மனைவி பக்கத்தில் இருக்கும்போது, ஃபோர்மேன் முன்னால் சொல்லாததை எல்லாம் அந்த மனிதர்கள் சொன்னார்கள்.

ஓர் உதாரணம். குளியல் தொட்டிக்கு எனாமல் பூசும் போலந்துத் தொழிலாளி ஒருவர் காரீய நஞ்சால் மருத்துவமனையில் கிடந்தார். அவர் வேலை பார்த்த ஆலைக்கு ஆலிஸ் போனார். எங்கள் எனாமலில் காரீயமே கிடையாது என்றார்கள். சுற்றிக் காட்டவும் செய்தார்கள். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. திரும்பவும் தொழிலாளியிடம் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது... அவருக்குக் காட்டப்பட்டது வேலை முடிகிற இடம். சூடான தொட்டி மேல் பொடியைத் தூவுகிற அசல் பகுதி வேறு. அந்தப் பொடியை வாங்கிச் சோதித்தால், 20 சதவீதம் காரீயம்!

ஆய்வு முடிந்தபோது காரீயத்தைப் பயன்படுத்தும் 70-க்கும் மேற்பட்ட தொழில்முறைகளும் 578 நோயாளிகளும் பதிவாகியிருந்தனர். அடுத்த வருஷமே, 1911-ல், இல்லினாயில் தொழில்சார் நோய்களுக்கான சட்டம் வந்தது. இந்த வேலையை நாடு முழுவதும் செய்யும்படி மத்திய அரசும் ஆலிஸைக் கேட்டுக்கொண்டது. சம்பளம் கிடையாது, அறிக்கை முடிந்த பிறகு அரசு விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும். அவரும் ஒப்புக்கொண்டார்.

அப்போது நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். ‘நேஷனல் லெட்’ என்பது அந்நாளின் மிகப் பெரிய காரீயக் கம்பெனி. அதன் அதிகாரி எட்வர்டு கார்னிஷ், தன் ஆட்களுக்கு நோய் இருக்கிறது என்பதை நம்ப மறுத்தார். நிரூபித்தால் சொன்னபடி செய்கிறேன் என்றார். ஆலிஸ் போய், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோய் முற்றிய 22 தொழிலாளிகளின் விவரத்தோடு திரும்பி வந்தார். கார்னிஷ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தூசியைக் கட்டுப்படுத்த ஏற்பாடு, தொழிலாளிகளுக்கு மருத்துவப் பரிசோதனை என்று ஆலைகளை மாற்றினார். மனுஷனிடம் நேரில் போய் ஆதாரத்தோடு பேசினால் கேட்பான் என்ற நம்பிக்கை ஆலிஸுக்கு வந்தது இப்படித்தான். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் பெரிய அடி விழுந்தது. அதற்கு வருவோம்.

முதல் உலகப் போர் நேரத்தில் வெடிமருந்து ஆலைகளை ஆய்வு செய்தார். ஆலைகள் எங்கே இருக்கின்றன என்பதே ரகசியம். ஆரஞ்சு நிறப் புகை எழும் திசையில் போவார். தோலும் முடியும் மஞ்சளாகிப்போன ஆட்கள் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள் என்று பார்ப்பார். அப்படித்தான் கண்டுபிடித்தார்.

வகுப்பறைக்குள் வந்த தொழிற்சாலை

இந்த அனுபவத்தோடுதான் ஹார்வர்டுக்குப் போனார். அவரும் ஒரு நிபந்தனை வைத்தார்: வருஷத்தில் பாதிதான் வகுப்பு, மீதிப் பாதி கள ஆய்வு. ஒப்புக்கொண்டார்கள். 1922-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியோடு ஹார்வர்டு பொது சுகாதாரப் பள்ளி உருவானபோது ஆலிஸின் துறையும் அதன் பகுதி ஆனது. இன்று உலகத்தின் முன்னணிப் பொது சுகாதாரக் கல்வி நிறுவனங்களில் ஒன்று அது.

பொது சுகாதாரப் பள்ளி என்றால் என்ன? மருத்துவக் கல்லூரியில் ஒரு நோயாளியை எப்படிக் குணப்படுத்துவது என்று படிப்பார்கள். இங்கே ஒரே ஆலையில் ஒரே மாதிரி 50 பேர் ஏன் நோயில் விழுந்தார்கள் என்று படிப்பார்கள். குடிநீர், காற்று, வேலை, சாப்பாடு, புள்ளிவிவரம் எல்லாமே பாடம். இன்று பழகிப்போன விஷயம். அன்று இப்படி ஒரு படிப்பு இருப்பதே புதுசு.

அங்கே ஆய்வகங்கள் அருமையாக இருந்தன. காரீயம் உடம்புக்குள் என்ன ஆகிறது என்று ஜோசப் ஆப் தலைமையில் பெரிய ஆய்வு நடந்து, 1926-ல் புத்தகமாக வந்தது. காரீயம் கால்சியத்தோடு போய் எலும்பில் தங்கிவிடுகிறது என்று அது காட்டியது. எந்தெந்தத் தொழிலில் இந்த நோய் எவ்வளவு என்ற அத்தியாயத்தை எழுதியவர் ஆலிஸ். போலியோ நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்த ‘இரும்பு நுரையீரல்’ இயந்திரமும் 1928-ல் இதே பள்ளியில் பிறந்ததுதான். ஃபிலிப் ட்ரிங்கர், லூயிஸ் ஷா என்ற இருவரின் வேலை.

பணம் எங்கிருந்து வந்தது? அங்கேதான் சிக்கல். தொழில்சார் சுகாதாரத் துறையைத் தொடங்கக் கணிசமாகப் பணம் கொடுத்தவர்கள் தொழிலதிபர்கள். ஆப்பின் காரீய ஆய்வுக்குப் பணம் கொடுத்தவை காரீயக் கம்பெனிகள். ஆய்வு தரமானதுதான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நோயைப் பரப்புகிறவரே ஆய்வுக்குப் பணம் தருகிறார் என்றால், முடிவு அவருக்குப் பிடிக்காதபோது என்ன நடக்கும்? விடை சீக்கிரமே தெரிந்தது.

நியூ ஜெர்ஸியின் ஆரஞ்சு நகரில் கடிகார முகங்களுக்கு ரேடியம் கலந்த பெயின்ட் பூசும் ஆலை இருந்தது. இருட்டில் ஒளிரும் கடிகாரம். வேலை செய்தவர்கள் இளம் பெண்கள். பிரஷ் நுனி கூர்மையாக இருக்க வேண்டும் என்று உதட்டில் வைத்துக் கூராக்குவார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரேடியம் வாய்க்குள் போகும். பற்கள் விழுந்தன, தாடை எலும்பு அழுகியது, சிலர் இறந்தார்கள்.

1924-ல் ஆலை நிர்வாகம் ஹார்வர்டைச் சேர்ந்த செசில் ட்ரிங்கரை ஆய்வுக்கு அழைத்தது. இவர் இரும்பு நுரையீரல் ஃபிலிப்பின் அண்ணன். அவரும் மனைவி கேத்தரின் ட்ரிங்கரும் போய்ப் பார்த்தார்கள். ஆலை முழுக்க ரேடியம் தூசி. இருட்டறையில் அந்தப் பெண்களின் தலைமுடி, உடை எல்லாம் ஒளிர்ந்தன. ரத்தத்திலும் கோளாறு. ரேடியம்தான் காரணம் என்று தெளிவாக அறிக்கை கொடுத்தார்கள். நிர்வாகம் அதை வெளியிட விடவில்லை. பணம் கொடுத்தது அவர்கள், அறிக்கை அவர்கள் சொத்து என்பது அந்நாள் வழக்கம். ட்ரிங்கரும் அதற்குக் கட்டுப்பட்டுச் சும்மா இருந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை; மரியாதையான மனிதர், அந்த மரியாதையே பிரச்சினை ஆனது.

பாதிக்கப்பட்ட பெண்களுக்காகப் போராடிய நுகர்வோர் அமைப்போடு ஆலிஸுக்குத் தொடர்பு இருந்தது. அவர்கள் வழியாக ஒரு விஷயம் தெரியவந்தது. ஆலை நிர்வாகம் மாநிலத் தொழிலாளர் துறைக்கு ஓர் அறிக்கையை அனுப்பியிருக்கிறது. ட்ரிங்கர் பெயரில். அதில் எல்லாப் பெண்களும் பூரண நலம் என்று எழுதியிருக்கிறது!

1925-ல் ஆலிஸ் கேத்தரினுக்குக் கடிதம் எழுதி இதைச் சொன்னார். பிறகுதான் ட்ரிங்கர் தம்பதி அசைந்தார்கள். அசல் அறிக்கையைத் தொழிலாளர் துறைக்குக் கொடுத்தார்கள். வழக்கு போடுவோம் என்று மிரட்டல் வந்தது. அதையும் மீறி அந்த வருஷமே ஆய்விதழில் வெளியிட்டார்கள். வழக்கு போட்ட ஐந்து பெண்களுக்கு 1928-ல் ஆளுக்கு 10,000 டாலரும் வருஷம் 600 டாலரும் தருவதாகச் சமரசம் ஆனது. அவர்களில் சிலருக்கு அதை அனுபவிக்க அதிக ஆயுள் மிச்சம் இல்லை.

ஒரு கடிதம்தான். ஆனால் உதவிப் பேராசிரியர், அதுவும் சில வருஷங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் பதவியில் இருப்பவர், தன் துறையின் செல்வாக்கான ஒருவருக்கு எதிராகப் போகும்படி எழுதிய கடிதம். அந்தப் பதவிக்கு மேலே அவர் கடைசிவரை உயர்த்தப்படவே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பெட்ரோலில் விழுந்த அடி

அதே 1925. இன்ஜின் இடிக்காமல் ஓட வேண்டும் என்று பெட்ரோலில் காரீயக் கலவை ஒன்றைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். அதைத் தயாரித்த நியூ ஜெர்ஸி சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் 1924 அக்டோபரில் 5 பேர் சித்தம் கலங்கி இறந்தார்கள். நாடே அதிர்ந்தது. மே மாதம் அரசின் தலைமை மருத்துவ அதிகாரி வாஷிங்டனில் கூட்டம் கூட்டினார். கம்பெனிகள் ஒருபக்கம், ஆலிஸ் உள்ளிட்ட சில ஆய்வாளர்கள் மறுபக்கம். ஆலைக்குள் இருக்கும் காரீயத்தையாவது கட்டுப்படுத்தலாம், தெருவெல்லாம் புகையாகப் போவதை யார் கட்டுப்படுத்த முடியும் என்பதுதான் ஆலிஸின் வாதம். வேறு பொருளைத் தேடுங்கள் என்றார்.

நிபுணர் குழு அமைத்தார்கள். ஏழு மாதம் ஆய்வு. 252 பேரைச் சோதித்துவிட்டு, தடை செய்யக் காரணம் இல்லை, தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று 1926 ஜனவரியில் சொன்னார்கள். விற்பனை மறுபடி தொடங்கியது. அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர்... ஆலிஸை ஹார்வர்டுக்கு அழைத்துவந்த அதே டீன் எட்சால். காரீயம் பல வருஷங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து செய்யும் வேலையை ஏழு மாத ஆய்வில் எப்படிப் பார்க்க முடியும்? கண்காணிப்பு என்று சொன்னதும் பின்னால் பெரும்பாலும் தொழில்துறையின் கைக்கே போய்விட்டது. கார்னிஷ் மாதிரி ஆட்களை நம்பிய ஆலிஸின் வழிமுறை இங்கே தோற்றது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்காக அவர் நிறுத்தவில்லை. அமெரிக்காவின் தொழில்சார் நஞ்சுகள் பற்றிய அவருடைய பாடப்புத்தகம் 1925-ல் வந்தது. அந்த நாட்டில் இந்தத் துறைக்கு அதுதான் முதல் பாடநூல். 1935-ல் 66 வயதில் ஓய்வுபெற்றபோதும் அவர் உதவிப் பேராசிரியர்தான். ஓய்வுக்குப் பிறகும் செயற்கைப் பட்டு ஆலைகளில் ஆய்வு நடத்தினார். அங்கே பயன்படுத்திய கார்பன் டைசல்பைடு தொழிலாளிகளின் மனநிலையைப் பாதித்ததையும் கால்களை முடக்கியதையும் பதிவு செய்தார். 1943-ல் சுயசரிதை வந்தது. 1963-ல், 94 வயதில், வியட்நாம் போரிலிருந்து அமெரிக்கா வெளியேற வேண்டும் என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பாட்டி சும்மா இருக்கிற ஆளே இல்லை!

1970 செப்டம்பர் 22 அன்று கனெக்டிகட் மாநிலம் ஹாட்லைமில் இருந்த வீட்டில் ஆலிஸ் இறந்தார். வயது 101. டிசம்பர் 29-ல் அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். ஆய்வாளர்கள் இனி வாசலில் நின்று முதலாளியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம், உள்ளே போய்ச் சோதிக்கும் அதிகாரத்தைச் சட்டமே கொடுத்தது.

காரீய பெட்ரோல்? இந்தியாவில் அது 2000-ல்தான் முழுமையாக நிறுத்தப்பட்டது. உலகத்தில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல். வாஷிங்டன் கூட்டம் முடிந்து 96 வருஷம் ஆகியிருந்தது.